மகன் வரும் வரை வாடகைக்கு

திரேஸ்புரம், தூத்துக்குடி
12-2-1943

அன்புள்ள சீனித்தாய்க்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவின் முட்டுவலி குறைந்ததா? சின்னவளுக்குச் சளி விட்டதா?

கொழும்புக் கடைக்குத் திரும்ப எந்தத் தோணியில், என்றைக்கு இடம் கிடைக்கும் என்று இந்தச் சண்டைக் காலத்தில் யாருக்கும் தெரியவில்லை. நாள் சொல்லத் தெரியாதவனுக்கு ஒருவரும் வீடு தரவில்லை. கடைசியில் இஞ்ஞாசியம்மாள் என்ற வயதான அம்மா தன் மகன் கஸ்பாரின் அறையைக் குறைந்த வாடகைக்குத் தந்தார். போன பங்குனியில் கொழும்புக்குத் தோணி ஏறியவன். தோணியும் வரவில்லை, தகவலும் இல்லை.

"அவன் வார அன்னைக்கே காலி பண்ணிரணும், தம்பி" என்றார்.

எனக்கும் நாள் தெரியாது, அவருக்கும் தெரியாது. பேச்சு சட்டென்று முடிந்தது. அவன் சட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது.

முதல் நாள் சாயங்காலம் ஒரு கூத்து. கதவைத் தட்டினேன். "யாரு?" என்றார். நம் வீட்டு நினைப்பில் "நான்தான்" என்றுவிட்டேன். உள்ளே பாத்திரம் விழுந்தது. ஓடி வந்து திறந்தவர் என் முகத்தைப் பார்த்து, "நீங்களா தம்பி" என்றார். அப்புறம் சோறு போட்டார். மறுநாளிலிருந்து, "தாணுலிங்கம் வந்திருக்கேன்" என்கிறேன். அப்படியும் ஓடித்தான் வருகிறார்.

நீ பயப்படாதே. இப்போது போகும் தோணிகள் உறுதியானவையாம். கொஞ்சம் கருப்பட்டியும் என் பழைய போர்வையும் அனுப்பு. போர்வையைத் துவைக்க வேண்டாம்.

தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. இன்னொன்று: இனி நம் கதவைத் தட்டுகிறவர்கள் எல்லாரையும் பெயர் சொல்லச் சொல். நான் வரும்போது மட்டும் "நான்தான்" என்பேன்.

தாணுலிங்கம்