மேல்தோட்டத்துக் கறுப்புத் துணி

அசாஹினா
ஏப்ரல் 23, 1974

ஃபுசாயேவுக்கு,

இங்கே நலம். அங்கே நீயும் உன் அக்காவும் நலமாகத்தான் இருப்பீர்கள். ஒரு மாதம் என்று சொல்லிப் போனாய். மூன்றாவது மாதம் நடக்கிறது. அக்கா உடைத்துக்கொண்டது ஒரு கணுக்காலைத்தானே? ஊறுகாய்த் தொட்டியில் மேலே வெள்ளையாக ஏதோ படர்ந்திருக்கிறது. கலக்குவதா, கொட்டுவதா என்று எழுது.

ஒரு செய்தி. மேல்தோட்டத்தை நேற்று மூடிவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து யசோஜியும் நானும் கம்பு நட்டு, கறுப்புத் துணி விரித்து, இரண்டு நாள் முதுகொடியப் பாடுபட்டோம். இனி இருபது நாள் வெயில் படாது. தேயிலையிலேயே உச்சமான கியோகுரோவாக எடுக்கப்போகிறேன். அப்படிப்பட்ட சரிவில் வெயிலில் விட்டு வெறும் சென்சா பறிப்பது அந்த இலைக்கே அவமானம். நீ இங்கே இருந்திருந்தால் கேட்டிருப்பேன்.

கென்சாகு

கனசாவா
ஏப்ரல் 28

கென்சாகு அவர்களுக்கு,

உங்கள் கடைசி வரியை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்ததில் கோப்பையைக் கவிழ்த்துவிட்டாள்.

பதினெட்டு வருடம் அங்கேதான் இருந்தேன். ஆரஞ்சு மரங்களை வெட்டியபோது கேட்டீர்களா? இலை அவிக்கும் ஆவி இயந்திரத்தை மாற்றியபோது? லாரி வாசலில் வந்து நின்றபோதுதான் எனக்கே தெரியும்.

மேல்தோட்டத்துச் செடிகளுக்கு ஐந்து வயது. ஒவ்வொன்றையும் நான் குனிந்து நட்டேன். இந்த வருடம்தான் முதல் முழுப் பறிப்பு. முற்றிய செடி இருபது நாள் இருட்டைத் தாங்கும். இளஞ்செடி தாங்காது, இலை இனிக்கும், வேர் இளைக்கும். இது உங்களுக்குத் தெரியாததா? துணியை எடுங்கள்.

அக்காவின் கால் மார்ச்சிலேயே சரியாகிவிட்டது. அதுவும் உங்களுக்குத் தெரியும். நான் இங்கே ஒரு கடையில் காம்புத் தேயிலை வறுக்கிறேன். இந்த ஊரில் உங்கள் கியோகுரோவைச் சீண்ட ஆளில்லை. வறுத்த காம்பைத்தான் குடம் குடமாகக் குடிக்கிறார்கள். ஒரு பெரியவர் தினமும் வந்து, “இன்னிக்குக் கொஞ்சம் கருகிடுச்சும்மா” என்கிறார். தினமும் வாங்கியும் போகிறார். அவராவது என்னிடம் ஒரு வார்த்தை சொல்கிறார்.

ஊறுகாயைக் கலக்குங்கள்.

ஃபுசாயே

அசாஹினா
மே 3

ஃபுசாயேவுக்கு,

உன் கடிதம் நேற்றுப் பகலில் வந்தது. சாயங்காலத்துக்குள் துணியை எடுத்துவிட்டேன். பயந்து அல்ல, மேகமூட்டமாக இருந்தது, இலை கருகாது என்பதால். “போடவும் நான், உருவவும் நானா? அடுத்த தடவை வீட்ல கேட்டுட்டு என்னைக் கூப்பிடு” என்று யசோஜி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஆக, மூடியது பத்தே நாள். கியோகுரோவும் இல்லை, சென்சாவும் இல்லை. கபுசே என்று பெயர் சொல்லி விற்க வேண்டியதுதான், இரண்டுங்கெட்டானாக.

கீழ்த்தோட்டத்துச் சென்சா முதல் பறிப்பைச் சந்தைக்குக் கொண்டுபோனேன். வியாபாரி மொமோசே வெந்நீர் ஊற்றினார், முகர்ந்தார், வாயில் வைத்துத் துப்பினார். வீட்டுக்காரம்மா ஊரில் இல்லையா என்று கேட்டார். அது உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன்.

“ஆவில வெந்து கூழாக் கெடக்கே. இத்தனை வருஷமா நான் வாங்கினது அவங்க மூக்கைத்தான், கென்சாகு.”

இதை உனக்கு எழுத வேண்டிய அவசியமில்லை. எழுதிவிட்டேன். ஆவியில் எத்தனை வினாடி? முப்பதா, நாற்பதா? எண்ணை மட்டும் எழுதினால் போதும்.

கென்சாகு

கனசாவா
மே 7

கென்சாகு அவர்களுக்கு,

எண் கிடையாது. இருந்திருந்தால் அதைச் சுவரில் எழுதி வைத்துவிட்டு நான் பிப்ரவரிக்குப் பல வருடம் முன்பே கிளம்பியிருப்பேன்.

மழைக்கு மறுநாள் பறித்த இலை சீக்கிரம் வேகும். காய்ந்த இலைக்கு நேரம் வேண்டும். இயந்திரத்தின் வாயருகே நில்லுங்கள். முதலில் அறுத்த புல் வாடை அடிக்கும். அது இனிப்பாகத் திரும்புகிற கணம் ஒன்று உண்டு. அங்கே வெளியே எடுங்கள். வெந்த கீரை வாடை வந்துவிட்டால் போச்சு. எடுத்ததும் விசிறி ஆற்றுங்கள், பிறகுதான் உருட்டல், உலர்த்தல். மேல்தோட்டத்து இலை மெல்லியது, இன்னும் கவனம். இரண்டு நாள் முன்பிருந்தே சிகரெட்டைத் தொடாதீர்கள்.

நான் அந்த இயந்திரத்தருகே நின்றது உங்களுக்குப் பேச்சுத் துணையாக என்றே பதினெட்டு வருடம் நினைத்திருக்கிறீர்கள்.

எப்போது வருகிறாய் என்று நீங்கள் கேட்கவில்லை. அதைக் கவனித்தேன்.

ஃபுசாயே

அசாஹினா
மே 20

ஃபுசாயேவுக்கு,

மேல்தோட்டம் பறித்தாயிற்று. நான்கு நாள் சிகரெட் இல்லை. என்னோடு பேசுவதற்குக் கரடியோடு பேசலாம் என்று யசோஜி சொல்கிறார். முதல் இரண்டு ஈடும் பாழ். ஒன்று பச்சை நாறியது, ஒன்று கீரை. மூன்றாவதில் நீ சொன்ன கணம் வந்தது. நிஜமாகவே வருகிறது. என் வீட்டிலேயே இத்தனை வருடம் நடந்துகொண்டிருந்திருக்கிறது.

ஒரு டின் அனுப்பியிருக்கிறேன். மீதியை மாவட்டப் போட்டிக்குக் கொடுத்துவிட்டேன், உன் பெயரில். தயாரிப்பாளர் ஃபுசாயே என்று நானே என் கையால் எழுதினேன். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கென்சாகு

கனசாவா
மே 26

கென்சாகு அவர்களுக்கு,

கையெழுத்திட்டு அனுப்பும்படி போட்டிக்காரர்களிடமிருந்து அட்டை வந்தது. கோபத்தில் இங்கே ஓடும் சாய் ஆற்றின் பாலம் வரை நடந்து போய்விட்டு வந்தேன்.

நான் செய்த தேயிலைக்கெல்லாம் உங்கள் பெயர் போட்டீர்கள். நான் செய்யாததற்கு என் பெயர் போட்டிருக்கிறீர்கள். இரண்டு தடவையும் என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. நான் பெயரா கேட்டேன்? அட்டையைக் கையெழுத்திடாமல் திருப்பிவிட்டேன்.

டின்னை மூன்று நாள் திறக்கவில்லை. அக்காதான் திறந்தாள். வெந்நீரை ஆறவிட்டு ஊற்றினாள். நன்றாக இருக்கிறது. நிழலின் குழைவும் இருக்கிறது, வெயிலின் துவர்ப்பும் முழுக்கப் போய்விடவில்லை. நான் அங்கே இருந்திருந்தால் ஒரு நாள்கூட மூட விட்டிருக்க மாட்டேன், இதுவும் கிடைத்திருக்காது. அதையும் எழுதித் தொலைக்கிறேன்.

ஃபுசாயே

அசாஹினா
ஜூன் 1

ஃபுசாயே,

போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். என் பெயருக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். வேண்டாம் என்றேன்.

இதை நான்காவது தடவையாக எழுதுகிறேன். மேல்தோட்டத்துச் செடிகள் பறிப்புக்குப் பிறகு சோர்ந்து நிற்கின்றன. சரிவின் கிழக்குப் பக்கம் துளிர் வரவே இல்லை. இரண்டாம் பறிப்பு எடுக்கலாமா, கவாத்து செய்து இந்த வருடம் சும்மா விட்டுவிடலாமா? யசோஜி ஒன்று சொல்கிறார். எனக்கு வேறு தோன்றுகிறது. அதை எழுதப்போவதில்லை.

நீ என்ன சொல்கிறாய்?

கென்சாகு

கனசாவா
ஜூன் 4

கென்சாகு,

தெரியவில்லை. இங்கே உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்வது? செடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஒன்பதாம் தேதி பகல் ரயிலில் ஃபுஜியேடாவில் இறங்குகிறேன். பத்து நாள் இருப்பேன். பிறகு இங்கே திரும்ப வேண்டும், வறுவல் என் பொறுப்பு. அதற்கப்புறம் என்ன என்பதை நேரில் பேசிக்கொள்வோம்.

கவாத்துக் கத்தி மழுங்கிப் போயிருக்கும். தீட்டி மட்டும் வையுங்கள்.

ஃபுசாயே