குடிகிடப்பு

மாணவியர் விடுதி,
பொள்ளாச்சி.
12-1-1975

என் அருமைக் காளிக்கு,

மருதா எழுதிக்கொள்வது. நீ சௌக்கியமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறி நாலு மாதம் ஆகப் போகிறது, இதுதான் என் முதல் கடிதம். நீயாவது ஒரு கார்டு போட்டிருக்கலாம், ராங்கிக்காரி! கொழிஞ்சாம்பாறைச் சந்தையில் உன் அத்தையைப் பிடித்து விலாசம் வாங்கினேன்.

உன்னிடம் ஓர் உதவி கேட்கிறேன். இந்த வருடம் சரித்திரப் பாடத்தில் புதுவிதமாக ஒரு பரீட்சை. அவரவர் ஊரிலிருந்து ஓர் அசல் காகிதம் கொண்டுவர வேண்டும். பத்திரமோ மனுவோ எதுவானாலும் சரி. மூன்று மணி நேரம் உட்கார்ந்து, அதை மட்டும் ஆதாரமாக வைத்துக் கட்டுரை எழுத வேண்டும். ஒருத்தி கோயில் செப்பேட்டின் படி கொண்டுவருகிறாள். எனக்கு உங்கள் குடிசை நிலத்துக்கு நடந்த பத்து சென்ட் கேஸ்தான் ஞாபகம் வந்தது. நில டிரிபியூனல் ஆபீசில் உன் அப்பன் சொன்னதை எழுதிக் கைநாட்டு வாங்கினார்களே, அதன் நகல் உன்னிடம் இருக்கிறதா? அனுப்பு, பத்திரமாகத் திருப்பித் தருகிறேன்.

முதல் மார்க் வாங்கினால் எம்.ஏ. படிக்க வைப்பதாக அப்பா சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் வைகாசியில் கழுத்தை நீட்ட வேண்டியதுதான்.

உன்னை மறக்காத,
மருதா


சாந்தன்பாறை.
27-1-1975

அன்புள்ள மருதாவுக்கு,

காளியாத்தாள் எழுதுவது. உன் கடிதம் கண்டு சந்தோஷம். நான்கு மாதம் கழித்தாவது காகிதம் தேடி நம்மை நினைக்கிறாளே என்று சிரித்துக்கொண்டேன். கோபித்துக்கொள்ளாதே, எனக்கு வேறு யார் கடிதம் போடுகிறார்கள்?

இங்கே ஏலக்காய் எடுப்பு முடியப்போகிறது. குனிந்து குனிந்து இடுப்பு என்னுடையதா என்றே தெரியவில்லை. தோட்டத்து லயத்தில் ஒரே அறை, நாங்கள் ஐந்து பேர். குளிரில் அம்மாவுக்கு இருமல் நிற்கவில்லை. அப்பன் மட்டும் தினமும் எருத்தேன்பதிக்கு வானம் எப்படி இருக்கும் என்று கேட்டுக்கொண்டிருப்பார்.

நீ கேட்ட காகிதம் இதோடு இருக்கிறது. நம் ஊர் கேரளத்தில் இருந்தென்ன, எங்களுக்கு மலையாளம் படிக்க வராது, நீதான் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவள். என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கும் சொல். அந்த நாள் எனக்கு இன்னும் விளங்கவில்லை. நானும் அப்பனோடு போயிருந்தேன். அதிகாரிக்குத் தமிழ் வராது. உன் அப்பா, எங்கள் பண்ணாடி, கேஸில் எதிர்க்கட்சி நிலக்காரராக இருந்தும் நல்ல மனசாக, "நான் எடுத்துச் சொல்றேனுங்க" என்று முன்னால் வந்தார். அதிகாரி ஏதோ கேட்டார். பண்ணாடி அப்பனிடம் திரும்பி, "ஏன்டா மாரப்பா, நீ குடிச்சுப்போட்டுக் கெடக்கறவனான்னு ஐயா கேக்கறார்டா" என்றார்.

அப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ சாமி! மாகாளியாத்தா மேல சத்தியமுங்க, அந்தக் கருமத்தைக் கையால தொட்டதில்லீங்க. நான் அப்பேர்ப்பட்ட ஆளு இல்லீங்க" என்றார். எழுதிக்கொண்டார்கள், கைநாட்டு வாங்கினார்கள், அவ்வளவுதான். அடுத்த மாதம் கேஸ் தோற்றது. குடிக்காதவனுக்கு வீடு இல்லை என்பது எந்த ஊர் நியாயம்?

எங்கள் குடிசைச் சாளையைப் பிரித்த ஓலையை உங்கள் மாட்டுக்கொட்டகைக்குப் போட்டதாகக் கேள்வி. மழைக்கு ஒழுகாது, அப்பன் வேய்ந்தது.

காகிதத்தைத் தொலைத்துவிடாதே.

உன்,
காளி


பொள்ளாச்சி.
20-2-1975

என் காளிக்கு,

நான்தான் முதல்! டீச்சர் என் கட்டுரையை வகுப்பில் வாசித்தார். எல்லாம் உன்னால்தான், உன் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும்.

எவ்வளவு அருமையான ஆவணம் தெரியுமா அது! ஒரே ஒரு சொல்லில் எல்லாம் இருக்கிறது. அதிகாரி கேட்டது, "நீ குடிகிடப்புக்காரனா?" என்று. மலையாளத்தில் அதற்கு, பிறர் நிலத்தில் குடிசை போட்டுக் குடியிருப்பவர் என்று பொருள். அவர்களுக்குத்தான் சட்டம் பத்து சென்ட் கொடுக்கிறது. நாமெல்லாம் பத்து சென்ட் கேஸ் என்றே பேசிப் பழகிவிட்டோம், அந்தச் சொல் நம் காதிலேயே விழவில்லை. தமிழ்க் காதில் விழுந்தால் அது குடித்துவிட்டுக் கிடப்பது! உன் அப்பன், "நான் குடிகிடப்புக்காரன் அல்ல" என்று சொன்னதாகக் காகிதத்தில் இருக்கிறது. இரண்டு மொழிகளுக்கு நடுவில் ஒரு மனிதர் தன் வீட்டை இழந்தார் என்று முடித்திருந்தேன். வகுப்பே கைதட்டியது.

கட்டுரையை உனக்காக அப்படியே என் கையால் படியெடுத்து, பெயரெல்லாம் போட்டு அனுப்பியிருக்கிறேன். காகிதத்தை இன்னும் டீச்சர் வைத்திருக்கிறார், வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
மருதா


சாந்தன்பாறை.
5-3-1975

மருதாவுக்கு,

உன் கடிதத்தை நான் வாசிக்க, அப்பன் கேட்டார். பிறகு, "அப்ப நான் குடிகாரன்னு சொல்லியிருந்தா ஊடு நின்னிருக்குமா அம்முணி?" என்றார். எழுந்து வெளியே போனவர் பொழுது சாய்ந்துதான் வந்தார்.

அருமையான ஆவணம் என்று எழுதியிருக்கிறாய். நீ கைதட்டல் வாங்கிய அந்தச் சொல்லில் என் அம்மா இருமிக்கொண்டு படுத்திருக்கிறாள்.

இங்கே தோட்டத் தொழிலாளர் யூனியனில் பொன்ராஜ் என்று ஓர் எழுத்தர் இருக்கிறார், மலையாளம் தெரிந்தவர். தாமதத்துக்குக் காரணம் காட்டி அப்பீல் போடலாம், சாளை இருந்த இடம் திரும்பக் கிடைக்கலாம் என்கிறார். காகிதத்தை உடனே அனுப்பு.

இன்னொன்று. பண்ணாடி பாலக்காட்டுக் கோர்ட்டில் வக்கீலோடு மலையாளத்தில் வாதாடுகிறவர். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் அவருக்குத் தெரியாதா? நீயே கேட்டு, அவர் சொல்வதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. ஐந்தாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உரிமையில் கேட்கிறேன். வேறு எதுவும் உன்னிடம் கேட்கமாட்டேன்.

காளியாத்தாள்


எருத்தேன்பதி.
2-4-1975

அன்புள்ள காளி,

காகிதம் இதோடு இருக்கிறது.

அப்பாவிடம் கேட்டேன். சோற்றில் கை வைத்திருந்தார். கையை எடுக்காமலே சொன்னார்: "தெரியாம என்ன கண்ணு. நானா அவன் வாயைப் புடிச்சு இல்லீன்னு சொல்ல வெச்சேன்? பத்து சென்ட்டும் நம்ம கெணத்து மேட்டுல. குடுத்துப்போட்டா, நாளைக்கு அவங்கிட்டக் கேட்டுட்டா நான் தண்ணி எறைக்கறது?" அம்மா மோர் ஊற்றினாள். அவ்வளவுதான் பேச்சு.

நான் பாதிச் சோற்றில் எழுந்துவிட்டேன், காளி. ஆனால் இதை எழுதிக் கையெழுத்துப் போட்டு அதிகாரிக்குக் கொடு என்றால் என்னால் ஆகாது. அவர் என்னைப் பெற்றவர். எம்.ஏ.வுக்கு மனுவும் போட்டாகிவிட்டது. உனக்கு எழுதுவதால் உள்ளதை மறைக்காமல் எழுதினேன், அதோடு விட்டுவிடு.

அழுது மன்றாடி ஒன்று மட்டும் சம்மதிக்க வைத்திருக்கிறேன். அப்பீல் போடாமல் இருந்தால் வாய்க்கால் மேட்டில் நீங்கள் குடிசை போட்டுக்கொள்ளலாம். பழையபடி பண்ணையத்துக்கும் வரலாம். உன் அம்மாவுக்கு இந்த வெயில் ஒத்துக்கொள்ளும். அப்பனிடம் பக்குவமாகச் சொல். என்னை வெறுத்துவிடாதே.

உன்,
மருதா


சாந்தன்பாறை.
28-4-1975

எருத்தேன்பதி அப்புசாமி அவர்கள் மகள் மருதாத்தாள் அவர்களுக்கு,

மாரப்பன் மகள் காளியாத்தாள் எழுதுவது. காகிதம் கிடைத்தது. வாய்க்கால் மேட்டுச் சேதியை அப்பனிடம் சொல்லவில்லை. மழைக்காலத்தில் அங்கே தவளைதான் குடியிருக்கும் என்று உங்களுக்கும் தெரியும்.

பொன்ராஜ் அண்ணன் காகிதத்தைப் படித்தார். அடி வரைக்கும் வந்ததும், "ஏ தாயி, இந்தக் கடேசி வரிய யாரும் பாக்கலியா?" என்று சத்தம் போட்டார். எதிர்க்கட்சிக்காரர் மொழிபெயர்த்துச் சொல்லக் கேட்டு மனுதாரர் சொன்னது என்று அதில் எழுதி, பண்ணாடி மலையாளத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறாராம். நாங்கள் வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? இது அந்த ஆபீசே எழுதியது. இந்த வரி ஒன்றே போதும் என்கிறார்.

பிறகு உங்கள் கட்டுரையை எடுத்து இரண்டு தடவை வாசித்தேன். மற்ற வரி எல்லாம் இருக்கிறது, அந்த வரி மட்டும் இல்லை. மூன்று மணி நேரம் அந்த ஒரு தாளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கண்ணில் படவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். பண்ணாடியாவது சோற்றில் கை வைத்துக்கொண்டு உள்ளதைச் சொன்னார்.

அப்பீல் கொடுத்தாகிவிட்டது. காகிதத்தோடு உங்கள் கட்டுரையையும் சேர்த்திருக்கிறோம். அந்தச் சொல்லுக்கு அர்த்தமும், தமிழ்க் காதில் அது எப்படி விழும் என்பதும் உங்கள் கையெழுத்தில் இருக்கிறது. மேலே உங்கள் பெயரும் தகப்பனார் பெயரும் இருக்கின்றன. ஊர் அறிய வாசித்த கட்டுரைதானே, அதில் தப்பில்லை என்று நினைத்தேன்.

நீங்கள் கடைசியாக எழுதிய கடிதத்தில் பண்ணாடி சொன்னதை மட்டும் சொல்லியிருந்தேன், அந்தக் கடிதத்தையும் பொன்ராஜ் அண்ணன் கேட்டார். அது போனால் கேஸ் அன்றைக்கே நம் பக்கம் முடிந்துவிடும் என்றார். அப்பனும் என் முகத்தைப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. அது காளிக்கு மருதா எழுதியது. அடுப்பில் போட்டுவிட்டேன்.

இனி எனக்கு எழுதாதீர்கள். எழுதினால் அதைக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
மா. காளியாத்தாள்