கதவில் ஒரு பொத்தான்

அண்ணனுக்கு,

நான் தைத்த ஒட்டுத்துணிப் போர்வை நேற்றுத் திரும்பி வந்தது. உன் அலுவலகக் கண்காட்சியில் அதை மாட்டிவைத்து, "எங்க குடும்பம் கொரோனாவைக் கடந்து வந்த கதை" என்று பேசினாயாம்.

எங்க குடும்பமாம்!

ஊரடங்கில் வேறு துணி ஏது? வீட்டில் கிடந்த பழையதை வெட்டி, கட்டத்துக்கு ஒன்றாக, நான் பார்த்ததைத்தான் தைத்தேன். வெறிச்சோடிய தெரு. முகக்கவசம் போட்ட பால்காரர். அப்பாவின் கோடு போட்ட சட்டையில் அப்பாவின் கட்டில்; அதில் ஆள் இல்லை.

பழுப்புக் கட்டத்தைக் காட்டி யாரோ கேட்டதற்கு, "அது எங்க அப்பாவோட பீரோ" என்றாயாமே. அண்ணிதான் போனில் சிரித்துக்கொண்டே சொன்னார். எந்தப் பீரோ அண்ணா, வெளியே நிற்பவளை எட்டிப் பார்க்கும்? அதில் நான் தைத்த பொத்தான், உன் வீட்டு வாசல் கதவில் இருக்கிற வட்டக் கண்ணாடி. "அப்பாவுக்கு மூச்சு முட்டுது, கார் சாவிய மட்டும் ஜன்னல் வழியா போடுண்ணா" என்று நான் கத்தியபோது, நீ உள்ளேயிருந்து கண் வைத்ததில் அது சட்டென்று இருண்டது. கதவைத் திறக்காமலே, "பத்திரமா போயிட்டு வாம்மா" என்றாய். நான் படி இறங்குவதற்குள் கதவைத் திறந்து, நான் நின்ற இடத்தில் கிருமிநாசினி மருந்து அடித்தாய். அந்த நாற்றம் இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

அடுத்த கண்காட்சிக்கும் போர்வையைக் கேட்டிருக்கிறாய். தர மாட்டேன். உன் கதவுக் கட்டத்தை மட்டும் பிரித்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

தட்டிப் பார், யாராவது திறக்கிறார்களா என்று.

உன் தங்கை