வைத்தியத்தில் பாதியைச் சுமந்த அத்தைக்கு

என் பிரியமான அத்தை,

நம் வீட்டில் ஒரு பெண் பிறந்திருக்கிறாள். மூக்கு அப்படியே உங்களுடையது. நீங்கள் கண்ணை மூடி இன்னும் ஒரு வருடம் முழுதாகவில்லை. ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது, உங்களிடம் சொல்லாததுதான் குறையாக இருந்தது.

மூத்தவன் கவின் பிறந்த சமயம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் நினைவிருக்கிறது. தூக்கமே வரவில்லை. இது என் குழந்தை இல்லை, மாற்றிவிட்டார்கள் என்று கத்தினேன். இது உம்புள்ளதான் என்று நீங்கள் சாமி படத்தைத் தொட்டுச் சத்தியம் செய்தீர்கள். நான் நம்பவில்லை. மாமாவின் அக்கா வந்து பார்த்துவிட்டு, "இவளக் கொண்டுபோயி அவங்கப்பன் ஊட்லயே உட்டுட்டு வந்துருங்க" என்றார்.

"காச்சலு வந்திருந்தா அப்படிச் சொல்லுவீங்களா?" என்று கேட்டீர்களாமே. மாமாவின் அக்காவேதான் பிறகு என்னிடம் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்தீர்கள். சிலருக்குப் பிரசவத்துக்குப் பின் வரும் நோய்தான், குணமாகிவிடும் என்றார் டாக்டர். மனநலப் பிரிவிலிருந்த மலையாளத்து ஷீபா சிஸ்டர் உங்களையும் உட்காரச் சொன்னபோது உங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏனுங்க சிஸ்டர், சீக்கு அவளுக்குத்தானுங்க. எங்கூட எதுக்குங்க பேசறீங்க?"

"மருந்து நாங்க தருவோம் அம்மே. வீட்டுக்குப் போனா கூட இருக்கறது நீங்கதானே?"

நோயில் வரும் நினைப்போடு வாதாட வேண்டாம், ஆமாம் போடவும் வேண்டாம், பயத்துக்கு மட்டும் துணை நில்லுங்கள் என்று அவர் சொல்லிக்கொடுத்தார். வீட்டுக்கு வந்த பிறகும் ஒருநாள் எனக்கு அந்தச் சந்தேகம் தலைதூக்கியது. நீங்கள் சத்தியம் எதுவும் செய்யவில்லை. "உனக்கு அப்படித் தோணுது கண்ணு. பயமாத்தான் இருக்கும். நான் இங்கயேதான் இருக்கறேன்" என்றீர்கள். கவினை மடியில் போட்டுக்கொண்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் நான் நன்றாகத் தூங்கினேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபமும் வந்ததுண்டு. நான் குழந்தையைத் தொட மறுத்ததை, அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது, என் எதிரிலேயே சிஸ்டரிடம் சொல்லிவிட்டீர்கள். அவமானமாக இருந்தது, அழுதுவிட்டேன். சிஸ்டர் என்னைப் பார்த்து, "எதெல்லாம் இந்த அம்மா பேசலாம்னு நீங்க சொல்லுங்க" என்றார். அதற்குப் பிறகு, வாயைத் திறக்கும் முன் என் பக்கம் திரும்பி, "சொல்லட்டுமா கண்ணு?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்டீர்கள். பெரிய மனுஷி மருமகளிடம் அனுமதி கேட்பதை வேறு எந்த வீட்டில் பார்க்க முடியும், அத்தை?

இந்தத் தடவை வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததுமே எனக்கு நடுக்கம். மறுபடி வரலாம், முன்கூட்டியே கவனித்தால் சமாளிக்கலாம் என்று சிஸ்டர் நம் வீட்டு ஆட்களைக் கூப்பிட்டார். உங்கள் மகனோடு மாமாவும் கிளம்பினார். தோட்டம், சந்தை தவிர எதுவும் பேசாத மனிதர், "அவ இருந்திருந்தா என்னென்ன கவனிச்சுக்குவாளோ, அதைய எனக்குஞ் சொல்லிக்குடுங்க" என்றார்.

குழந்தை பிறந்த பத்து நாளுக்குள் என் தூக்கம் கெட்டதை முதலில் கண்டுபிடித்ததும் மாமாதான். காப்பியை நீட்டிக்கொண்டே, "நீ சரியாத் தூங்கறதில்லையாட்ட இருக்குது. சிஸ்டருக்குப் போன் போடட்டுமா சாமி?" என்றார். அன்றே போனோம், மருந்தும் தொடங்கினோம். இந்த முறை நோய் அந்த அளவோடு நின்றது. என் மகளை ஒருநாள்கூட நான் அந்நியமாகப் பார்க்கவில்லை.

கீழ வீதியில் ஒரு வீட்டில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு இப்போது இதே நிலை. அவளை அம்மா வீட்டுக்கு அனுப்பப் பேச்சு நடக்கிறதாம். நாளைக்குக் காலையில் போகிறேன். எனக்கு வந்ததை மறைக்காமல் சொல்லப்போகிறேன். நீங்கள் செய்ததையும் சேர்த்து, முதலில் அவளுடைய மாமியாரிடம் சொல்லுவேன். அவரையும் கையோடு கூட்டிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போவேன், அத்தை. இது சத்தியம்.

நீங்கள் அனுப்பிவிடாத மருமகள்,
செல்வி