கிட்டு போன நாள் எது?

மலையாள மாசம் மேடம் 8, ஞாயிறு. ஈஸ்டர்.

காலையில் சாரல், பிறகு வெயில். ஆராதனை முடிந்ததும் நேராக வலியசாலை அக்ரஹாரம், கிட்டு வீடு. மாதவன் நாயர் முன்னாலேயே வந்து விறகு பிளந்துகொண்டிருந்தான். பட்டாளத்தில் லாரி ஓட்டியவன். அவன், நான், கிட்டு மூவரும் ஒரே கம்பெனி. கிட்டு பர்மா சண்டையில் இறந்து ஒரு வருஷம் ஆகிறது. நாங்கள் இரண்டு பேரும் திரும்பி வந்ததிலிருந்து ஞாயிறுதோறும் அவன் அப்பா அம்மாவைப் பார்க்கப் போகிறோம்.

செய்தது: விறகு, கிணற்றுக்குப் புதுக் கயிறு, கூரைக்கு ஓடு இரண்டு. ரேஷன் அரிசி நாளை.

கிளம்பும்போது கிட்டுவின் அம்மா பிடித்துக்கொண்டார்கள். "தாசையா, என் பிள்ளை என்னிக்குப் போனான்? சர்க்கார் காகிதத்துல ஒரு வாரத்தைப் போட்டு, இதுக்குள்ளேன்னு எழுதியிருக்கான். எனக்கு நாள் வேணும்ப்பா."

விசாரித்துத் தெரிந்துகொண்டது: இவர்கள் வருஷச் சடங்கைத் தேதி பார்த்துச் செய்வதில்லை. இறந்த அன்று நிலாவுக்கு எத்தனையாவது நாளோ, அந்தத் திதியில்தான். திதி தெரியாவிட்டால் அமாவாசை. அது அடுத்த வாரமே வருகிறது. "நாள் தெரியாதவாளோட அவனையும் சேர்க்க எனக்கு மனசு வரலை" என்றார்கள்.

எங்களுக்குத் தேதி எங்கே தெரியும்? காட்டில் கிழமையே தெரியாது. டைரி எழுதக் கூடாதென்று அப்போது உத்தரவு. அந்த ஆத்திரத்தில்தான் இப்போது தினமும் எழுதுகிறேன்.

மேடம் 9, திங்கள்

புழுக்கம். ரேஷன் வரிசையில் இரண்டு மணி நேரம். அரிசியில் பாதி கல்.

சாலைக் கடைத்தெருவில் போன வருஷப் பஞ்சாங்கம் கேட்டேன். கடைக்காரர் திருநெல்வேலிக்காரர், விழுந்து விழுந்து சிரித்தார். "போன வருஷத்து ராகுகாலம் இனி யாருக்குவே?"

பகல் முழுக்க நிலா நினைப்பு. இரும்புக் கடையில் ஆணியை மாற்றி நிறுத்து முதலாளியிடம் திட்டு. அப்போதுதான் பளிச்சென்று ஞாபகம் வந்தது. கிட்டு அடிபட்ட ராத்திரி ஓடையைத் தாண்ட நாங்கள் காத்துக் கிடந்ததே நிலா மறையத்தான்! வெளிச்சத்தில் போனால் எதிரி சுடுவான் என்று. நிலா எத்தனை மணிக்கு மறைந்தது என்று தெரிந்தால் திதி தெரியாதா? தெரிய வேண்டுமே. யாரிடம் கேட்பது?

மேடம் 11, புதன்

கடைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு நாயரையும் இழுத்துக்கொண்டு வலியசாலை. கிட்டுவின் அப்பா புரோகிதர் வீட்டிலிருந்து பழைய பஞ்சாங்கம் வாங்கி வைத்திருந்தார். என் யோசனையைச் சொன்னதும் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இந்த மனிதர் இவ்வளவு சுறுசுறுப்பாகி நான் பார்த்ததில்லை.

"வளர்பிறை அஷ்டமின்னா பாதி ராத்திரிக்குச் சந்திரன் அஸ்தமனம். அப்புறம் ஒரு திதிக்கு ரெண்டு நாழிகை தள்ளும். மணி சொல்லுங்கோ."

இரண்டு நாழிகை என்றால் நாற்பத்தெட்டு நிமிஷமாம். இவர் படித்த வேத பாடசாலையில் இதையெல்லாம் கணக்குப் போடுவார்களா? எனக்கு ஒரே ஆச்சரியம்.

நாயர் கண்ணை மூடி யோசித்தான். "ஒரு மணிக்கு புறப்படணும்னு ஆர்டர், சாமி. ஞான் வாட்ச் நோக்கினேன். பத்து நிமிஷம் பாக்கி. சந்திரன் அப்பத்தான் போச்சு."

சர்க்கார் காகிதத்தில் இருந்த அந்த ஒரு வாரத்தோடு கிட்டுவின் அப்பா ஒத்துப் பார்த்தார். "நவமி!" என்று கத்தினார். அம்மா அடுப்பங்கரையிலிருந்து ஓடி வந்தார்கள். அழுதுகொண்டே சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கெட்டிக்காரன் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். நாயர் மட்டும் சிரிக்கவில்லை. என்னையே பார்த்தான். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

நவமி இல்லை.

நிலா மறைந்தபின் ஓடையில் குண்டு பட்டது. மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கிட்டு போனான், மூங்கில் புதரடியில், என் மடியில். முதல் தடவை இந்த வீட்டுக்கு வந்தபோது, "பட்ட நிமிஷமே போயிட்டான், ஒரு நோவும் இல்லே" என்று சொல்லிவிட்டோம். எல்லா வீட்டிலும் எல்லோரும் சொல்வது அது. நாயர் இதுவரை மூன்று வீட்டில் சொல்லியிருக்கிறான்.

பஞ்சாங்கத்தை வாங்கிப் பார்த்தேன். அந்த நாலு மணிக்கு நவமி முடிந்து தசமி.

மேடம் 12, வியாழன்

கிழக்கேகோட்டை டீக்கடையில் நாயரோடு சண்டை.

"விடுடா. அந்த அம்மைக்கு இப்பத்தான் சமாதானம் கிட்டிச்சு. ஒரு நாள் வித்தியாசத்துக்கு அதையும் கெடுக்கணுமோ?"

அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அதுதான் எரிச்சல்.

எங்கள் சபையில் இந்த நாள் கணக்கெல்லாம் கிடையாது. அப்படியும் விட முடியவில்லை. மத்தியானம் வழியில் கிட்டுவின் அப்பாவைப் பார்த்தேன். திதி தவறினால் என்ன ஆகும் என்று சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன். "அவன் வர்ற அன்னிக்கு இலை இருக்காது. பசியோட திரும்பிப் போவான். அவ்வளவுதான்" என்றார்.

கிட்டு பசி பொறுக்கமாட்டான். பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு அம்மா சமையலை வரிசையாகச் சொல்லுவான். பொரிச்ச கூட்டு, எரிசேரி, சேப்பங்கிழங்கு ரோஸ்ட். எங்களுக்கு எச்சில் ஊறும், அடிக்கப் போவோம்.

மேடம் 14, சனி

மழை இல்லை. தனியாகப் போனேன். நாயரைக் கூப்பிடவில்லை.

இரண்டு பேரையும் உட்காரச் சொல்லி, தசமி என்றேன். ஏன் என்றும் சொன்னேன். கிட்டுவின் அப்பா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். அம்மா என் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஒரு பகல் பூரா இருந்தானா?"

"இருந்தான்மா."

"வலிச்சுதா?"

"வலிச்சுது."

"ஏதாவது கேட்டானா?"

தண்ணீர் கேட்டான். விடியலிலிருந்து அதையேதான் கேட்டான். வயிற்றில் குண்டு பட்டவனுக்குத் தண்ணீர் கொடுக்கவே கூடாது, கொடுத்தால் செத்துப்போவான் என்று எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். மூன்றரை வரைக்கும் நான் கொடுக்கவில்லை. அப்புறம் முடியவில்லை. பாட்டிலோடு வாயில் வைத்தேன், முழுக்கக் குடித்தான். அரை மணியில் போய்விட்டான். நாயருக்குக்கூட இது தெரியாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பிறகு அம்மா எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்கள். "வயிறு ரொம்பக் குடிச்சானா?"

"ஆமாம்மா."

"நாலு மணிக்குப் போனான்னா, மூணரைக்குக் குடுத்தியே, தாகத்தோட போகலையே. அது போறும்ப்பா."