பெரணித் தாளின் கீழ்மூலை

இன்று நம் அலுவலகத்துக்கு ஜெர்மனியிலிருந்து காலண்டர் வந்தது. யாருடைய உலர்த்தி ஒட்டிய பழைய செடித்தாள்களை நாம் இரண்டு வருடம் கணினித் திரையில் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக்கொண்டோமோ, அதே பல்கலைக்கழகம். ‘எங்கள் அறிவியல் பாரம்பரியம்’ என்று பளபளவென்று போட்டிருக்கிறார்கள். கேக் வெட்டி, கைதட்டல் வேறு. ஜூன் மாதத்தைத் திருப்பினேன். போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து நூறு வருடத்துக்கு முன் கப்பலேறிப் போன பெரணிச்செடி, அடியில் சேகரித்தவர் என்று அவர்களுடைய பேராசிரியர் ஒருவரின் பெயர். கீழ்மூலை மட்டும் வெள்ளை வெளேர் என்றிருந்தது. வாயிலிருந்த கேக்கைத் துப்பிவிட்டு வந்தேன்.

கழக்கூட்டம் அலுவலகத்தில் நமக்கு அடுத்தடுத்த நாற்காலி. தாளில் இருப்பதை நீ பதிவு செய்வாய், நான் சரிபார்ப்பேன். இந்தப் பெரணித் தாள் திரையில் வந்த அன்று திடீரென்று என் கையைப் பிடித்து இழுத்தாய். அந்த மூலையில் பென்சிலால், தமிழில் எழுதியிருந்தது: ‘பறித்தது மாடசாமி, மூணாம் லயம்.’

“எடீ, எங்க அப்பாவோட தாத்தாவாக்கும் இது! இப்பவும் அந்த லயத்துலதானே எங்க வீடு!”

சேகரித்தவர் என்ற கட்டத்தில் அவர் பெயரைத் தட்டினாய்.

டீம் லீடர் வந்து எட்டிப் பார்த்தார். தஞ்சாவூர்ப் பூர்வீகம், தமிழ் நன்றாக வாசிப்பார். “கறைன்னு போட்டா மதி, அவ்வளவு போறும். இதுக்கெல்லாம் அவாளுக்கு மெயில் எழுதிண்டிருந்தா வேலை எப்போ முடியறது?” என்றார். கறை என்று குறித்தால் மென்பொருள் அந்த இடத்தை வெளுத்துவிடும். அது எனக்குத் தெரியும். என் பதவி உயர்வு அவர் கையில் இருந்ததும் தெரியும். உன் பதிவை அழித்தேன். கறை என்று குறித்தேன்.

நீ சண்டைகூடப் போடவில்லை. “கறைன்னா போட்டே?” என்று மட்டும் கேட்டாய். மத்தியானம் வழக்கம்போல உன் டப்பாவிலிருந்து மரச்சீனிக் கிழங்கை என் பக்கம் தள்ளினாய். நானும் வெட்கமில்லாமல் தின்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் எலிக்காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது. காரியத்துக்கு லயத்துக்கு வந்தபோது உன் அப்பா வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்: “எங்க தாத்தா பேரு ஜெர்மனியில இருக்காம். மகதான் கண்டுபிடிச்சா.” அழித்ததை நீ வீட்டில் சொல்லவே இல்லை. அவர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தத் தலையை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இன்று காலண்டரைப் பார்த்ததும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு எழுதினேன். மாலையே அங்கிருந்து ஒரு பெண்மணி பதில் போட்டிருந்தார். மூலத்தாளில் எழுத்து அப்படியே இருக்கிறதாம், சேர்த்துவிடலாமாம். ‘சரிபார்த்தவருக்கு இந்த மொழி தெரியாமல் இருந்திருக்கும்’ என்று பெருந்தன்மையாக ஒரு வரி. அதற்குள் பதுங்கிக்கொள்ள ஒரு நொடி ஆசைப்பட்டேன். சீ, என்ன ஜன்மம்!

‘சரிபார்த்தவள் நான்தான். என் தாய்மொழி அது. வாசித்துவிட்டுத்தான் கறை என்று குறித்தேன்’ என்று எழுதி அனுப்பினேன்.

நாளை காலை பஸ்ஸில் போனக்காட்டுக்கு வருகிறேன். நீ தள்ளிவைத்த மரச்சீனி இன்னும் தொண்டையில்தான் நிற்கிறது. உன் அப்பாவிடமும் அதே வரியைச் சொல்ல வேண்டும்.