படகில் எத்தனை பேர்

அத்ராத்தோ ஆற்றங்கரை
ஞாயிறு, பூசைக்குப் பிறகு

அன்பு மகள் யாமிலேத்துக்கு, அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். வேலைக்குப் போன இடத்தில், மழையே பெய்யாத அந்த அந்தோஃபகாஸ்தாவில், நீயும் இருமல் இல்லாமல் இருக்க வேண்டுமென்று புனித பிரான்சிஸிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இங்கே ஆறு ஏறி இறங்கிவிட்டது, வாழையில் பாதி போயிற்று, அம்மாவின் முழங்கால் பரவாயில்லை.

வலை வீசும் ஃபெர்மினை உனக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளத்தில் அவன் படகு கவிழ்ந்தது. படகு கிடைத்தது, அவன் கிடைக்கவில்லை. உடல் இல்லாமல் என்ன சாவு என்று அவன் மனைவி உபெர்த்தினா இறந்தவருக்கான ஒன்பது இரவு ஜெபத்துக்கு ஒப்பவில்லை. பீடம் கட்டினால் கடைசி இரவு அதைக் கலைத்து ஆவியை வழியனுப்பிவிட வேண்டுமே. அதனால் ஊரும் அவனை இருப்பவனாகவே பேசியது. அவர்கள் மகள் லுஸ்மிலா என் வகுப்பு. கழித்தலுக்கு நான் எடுக்கும் படப்புத்தகத்தில்தான் நீயும் படித்தாய்: ஒரு பக்கத்தில் படகில் ஐந்து பேர், பக்கத்தைத் திருப்பினால் ஒருவர் இல்லை, மீதி எத்தனை. எல்லோரும் நான்கு என்றார்கள், லுஸ்மிலா ஐந்து என்றாள். "அவளுக்குக் கையில விரல் அஞ்சுதான், வேற என்ன வரும்" என்று யெய்சன் கிண்டல் செய்தான். "உன் மண்டையில இருக்கிறதை எண்ணினா ஒண்ணுமே வராதுடா" என்றாள். பிறகு படத்தில் காலியான பலகைமேல் விரலை வைத்து, "வாத்தியாரே, இன்னும் ஈரமா இருக்கு பாருங்க, இப்பத்தான் எழுந்து போயிருக்காரு" என்றாள். ஓவியர் அங்கே நீலமாய் ஒரு நிழல் தீட்டியிருக்கிறார். இத்தனை வருஷம் நான் அதைப் பார்த்ததில்லை. இப்போது அந்தப் பக்கத்தில் அதைத் தவிர வேறெதுவும் கண்ணில் படுவதில்லை.

கழித்தல் வராவிட்டால் அவளை அடுத்த வகுப்புக்கு அனுப்ப முடியாது என்று உபெர்த்தினாவை அழைத்துச் சொன்னேன். "என் புருஷனைக் கழிக்கத்தான் பள்ளிக்கூடம் வெச்சிருக்கீங்களா?" என்று சீறினாள். லுஸ்மிலா ஈரம் என்று சொன்னதைச் சொல்லிப் படத்தைக் காட்டினேன். "தினமும் அப்பாவுக்குத் தட்டு வைக்கிறா. நான் வெச்சதைப் பார்த்துத்தானே கத்துக்கிட்டா" என்று சொல்லிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனாள். அந்த வாரமே அவள் வீட்டில் பீடம் எழுந்தது: வெள்ளைத் துணி, துக்கத்துக்குக் கறுப்புத் துணியை முடிந்து செய்த வண்ணத்துப்பூச்சி, அவன் குடிக்க ஒரு தம்ளர் தண்ணீர். ஒன்பதாம் இரவு விளக்குகளை அணைத்துப் பீடத்தைக் கலைத்தபோது தம்ளரில் பாதிதான் இருந்தது. மெழுகுவர்த்திச் சூட்டில் வற்றியிருக்கும் என்றேன்.

மறுநாள் லுஸ்மிலா புத்தகத்தைத் திருப்பித் தந்து, நான் கேட்காமலே "நாலு" என்றாள். சரி என்றேன். இனி அவள் அடுத்த வகுப்பு. போகும்போது, "உங்க வீட்டுல எத்தனை பேரு வாத்தியாரே?" என்று கேட்டாள். மூன்று என்றேன். "நான் ரெண்டு பேரைத்தானே பார்க்கிறேன்" என்றாள்.

ஈஸ்டருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை. அம்மா உன் தட்டில் வறுத்த மீனும் வாழைக்காயும் வைக்கிறாள்; நான் அவளைத் திருத்தவில்லை. புனிதர் உன்னை விட்டு விலகாதிருக்கட்டும், உன் கை நிறையட்டும். அங்கே காலைக் காற்று பொல்லாதது என்கிறார்கள், கழுத்தைச் சுற்றிக்கொள். இரண்டு வரி எழுது மகளே. அந்தப் பிள்ளையிடம் மூன்று என்று சொல்லியிருக்கிறேன்.

உன் அப்பா,
எரிபெர்த்தோ